மணிச்சம்பளம் ஏறுது, வருடச் சம்பளம் எங்கே? ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளின் கணக்கு

பேரண்ட்ஸ் கடலில் பிடிக்கலாம் என்று நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து நிர்ணயிக்கும் கொட் மீனின் அளவு 2021 இல் 8 இலட்சத்து 85 ஆயிரம் தொன். 2025 இற்கு அது 3 இலட்சத்து 40 ஆயிரம் தொன். 1991 இற்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. ஒஸ்லோவில் இருக்கிற எங்கட சனத்துக்கு இது கடையில் தொர்ஸ்க் மீன் விலை ஏறியதாகத்தான் தெரியும். வடக்கே ஃபின்மார்க் மாகாணத்தின் கரையோர ஊர்களில் இதற்குப் பெயர் வேறு. அங்கே இதை 'பெர்மித்தேரிங்' என்பார்கள். வேலை இருக்கு, ஆனால் வேலைக்கு வராதே என்று கையில் தருகிற கடிதம்.

இதை ஏன் தமிழில், தமிழருக்கு எழுத வேண்டும்? நோர்வேத் தமிழரில் ஒரு பெரிய பகுதியின் முதல் சம்பளச் சீட்டு அந்த ஊர்களில்தான் அச்சடிக்கப்பட்டது. 1980களின் நடுவில் மக்கள் உயர்பள்ளிகளுக்கு மாணவராக வந்தவர்கள், பிறகு அகதியாக வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் வார்டோ, பொட்ஸ்ஃபியோர்ட், ஹொன்னிங்ஸ்வோக், ஹம்மர்ஃபெஸ்ட், மேஹம்ன் என்று போய் மீன் வெட்டினார்கள். மொழி தெரியாமலே வேலை கிடைத்த இடம் அது. இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் பலர் தங்கள் பிறப்புச் சான்றிதழில் இருக்கிற ஊரை வரைபடத்தில் தேடிப் பார்ப்பதோடு சரி. அப்பா அம்மா அதைப் பற்றிப் பெரிதாகக் கதைப்பதும் இல்லை. 'அங்க குளிர்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஃபின்மார்க் டென்மார்க்கை விடப் பெரிய நிலம். இலங்கையின் கிட்டத்தட்ட முக்கால்வாசி. அதில் வாழ்வது 75 ஆயிரம் பேர் அளவில். 2020 இல் அதைப் பக்கத்து துரோம்ஸ் மாகாணத்தோடு ஒட்டினார்கள், சனம் விடவில்லை, 2024 ஜனவரியில் மீண்டும் பிரித்துவிட்டார்கள். சாமி மக்களின் மான் மேய்ப்பு உள்நாட்டில், மீன் கரையில், ஹம்மர்ஃபெஸ்டுக்கு எதிரே மெல்கோயா தீவில் 2007 முதல் எரிவாயு, ரஷ்ய எல்லையில் கிர்கெனஸில் இரும்புச் சுரங்கம். அந்தச் சுரங்கம் 1990களில் மூடி, 2009 இல் திறந்து, 2015 இல் வங்குரோத்தாகி மறுபடி மூடியது. ஒரு ஊருக்கு ஒரு முதலாளி என்ற நிலைமையில் வாழ்கிறவர்களுக்குச் சம்பள உயர்வு என்பது இரண்டாவது கேள்வி. அடுத்த வருடம் கதவு திறந்திருக்குமா என்பதுதான் முதல் கேள்வி. மீன் ஊர்களில் அந்தக் கதவு வருடத்துக்கு இரண்டு தரம் திறந்து மூடும். நான் எழுதுவது அதைப் பற்றித்தான்.

மேலோட்டமாகப் பார்த்தால் மீன் தொழிற்சாலைச் சம்பளத்தின் கதை நல்ல கதை. நோர்வேயில் எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது. சங்கமும் முதலாளிகளும் பேசி முடிப்பதுதான் சம்பளம். 2004 இல் ஐரோப்பிய ஒன்றியம் கிழக்கே விரிந்த பிறகு லித்துவேனியா, போலந்து, லத்வியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சங்க ஒப்பந்தம் இல்லாத இடங்களில் அவர்களுக்கு மிகக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது வழக்கமாயிற்று. அதைத் தடுக்க, 1993 இன் சட்டம் ஒன்றைப் பயன்படுத்தி, 2015 பெப்ரவரி முதல் மீன் பதப்படுத்தும் தொழிலுக்குக் குறைந்தபட்ச மணிச்சம்பளம் எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. சங்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்றாலும் அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது. அது அடிக்கடி ஏறிக்கொண்டும் வருகிறது. இது சின்ன விசயம் இல்லை. எங்கட ஆட்கள் வெட்டிய காலத்தில் 'அக்கோர்ட்' என்று வெட்டுகிற கிலோவுக்குக் காசு. கை வேகமான அக்காமார் நன்றாக உழைத்தார்கள். அதே அக்காமாரின் தோள்மூட்டு இன்று என்ன பாடு படுகிறது என்று அவர்களின் பிள்ளைகளைக் கேளுங்கள்.

ஆனால் மணிக்கணக்கைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறவர் வாரக்கணக்கைப் பார்க்கவில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வசதிக்காக மணிக்கு 220 குறோணர், வாரத்துக்கு 37.5 மணி என்று வைத்துக்கொள்வோம். வாரம் 8,250 குறோணர். 52 வாரமும் வேலை இருந்தால் வருடத்துக்கு 4 இலட்சத்து 29 ஆயிரம். பெரிய காசு இல்லை, ஆனால் அந்த ஊரில் ஒரு வீடு வைத்து வாழலாம்.

இப்போது மீன் வரவில்லை, 16 வாரம் பெர்மித்தேரிங். வேலை செய்த 36 வாரத்துக்கு 2 இலட்சத்து 97 ஆயிரம். மிச்ச வாரங்களுக்கு நாவ் தருகிற டாக்பெங்கர் முந்தைய வருமானத்தில் 62.4 சதவீதம். ஆரம்பத்தில் முதலாளி கட்டுகிற நாட்கள், காத்திருப்பு நாட்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பார்த்தால், அது 82 ஆயிரம் சொச்சம். மொத்தம் 3 இலட்சத்து 79 ஆயிரம். 50 ஆயிரம் குறோணர் காணாமல் போய்விட்டது. அந்த வருடம் சம்பளப் பேச்சில் 5 சதவீதம் ஏற்றிக் கொடுத்திருந்தாலும், வேலை செய்த 36 வாரத்தில் அது கூட்டித் தருவது 15 ஆயிரம் குறோணர் கூட இல்லை. பத்திரிகையில் 'மீன் தொழிலாளருக்குச் சம்பள உயர்வு' என்று தலைப்பு வரும். வீட்டில் வருமானம் குறையும். இரண்டும் உண்மை.

இது நிரந்தர வேலைக்காரரின் கணக்கு. பருவத்துக்கு மட்டும் வருகிறவரின் கணக்கு இன்னும் மோசம். டாக்பெங்கர் கிடைக்க, கடந்த 12 மாதத்தில் அடிப்படைத் தொகையின் ஒன்றரை மடங்கு உழைத்திருக்க வேண்டும், அல்லது 36 மாதத்தில் மூன்று மடங்கு. 2025 மே மாதத்தில் அடிப்படைத் தொகை 1 இலட்சத்து 30 ஆயிரத்து 160 குறோணராக இருந்தது. ஒன்றரை மடங்கு என்றால் 1 இலட்சத்து 95 ஆயிரத்து 240. நாலு மாதப் பருவத்தில், அதாவது 17 வாரத்தில், நான் மேலே சொன்ன சம்பளத்துக்கு வேலை செய்தவரின் உழைப்பு 1 இலட்சத்து 40 ஆயிரம். கோட்டைத் தாண்டவில்லை. பருவம் முடிய அவருக்கு நாவ் கதவும் இல்லை, தொழிற்சாலைக் கதவும் இல்லை. மீன் நிறைய வந்த காலத்தில் பருவம் ஆறு மாதம் இழுத்தது, மேலதிக நேரமும் இருந்தது, தாண்டிவிடுவார்கள். மீன் அளவு பாதிக்கும் கீழே போகும்போது கோட்டுக்கு உள்ளே நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே விழுகிறார்கள். சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

நிரந்தர மீன் தொழிலாளிக்கு அரசு ஒரு சலுகை வைத்திருக்கிறது. மற்றத் தொழில்களில் பெர்மித்தேரிங் காலத்தில் டாக்பெங்கர் 26 வாரம் என்றால், மீன் பதப்படுத்தும் தொழிலில் 52 வாரம் வரை. நல்லதுதான். ஆனால் இதை வேறு மாதிரியும் வாசிக்கலாம். இந்தத் தொழிலில் ஆலை மூடிக் கிடப்பது வழமை என்று அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது.

சரி, மீன் குறைந்தால் ஆலை என்ன செய்யும், கடலைத் திட்டுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விஞ்ஞானிகள் குறைக்கச் சொன்னால் குறைக்கத்தான் வேண்டும். அந்தப் பாடத்தை எங்கட ஆட்கள் நேரில் படித்தவர்கள். 1989 ஏப்ரலில் கரையோரப் படகுகளின் கொட் மீன்பிடி திடீரென நிறுத்தப்பட்டது. அடுத்த வருடம் படகுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தார்கள். ஆலைகள் வரிசையாக வங்குரோத்தாகின. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றிரண்டு வருடம்கூட ஆகாத பெடியள் வேலையில்லாமல் நின்றார்கள். எங்கட சனம் தெற்கே வந்ததற்குக் குளிரும் இருட்டும், கோயில் இல்லாததும், பிள்ளைகளின் படிப்பும் காரணம் என்று சொல்வோம். அதெல்லாம் உண்மை. ஆனால் முதல் தள்ளு அந்தப் பெர்மித்தேரிங் கடிதங்கள். அந்தக் காலத்துத் தமிழரின் வாழ்க்கையை அக்கரையோர ஊர் ஒன்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ஆன சிக்ஃப்ரிட் குறோன்செத், உடம்பு நோவையும் தனிமையையும் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். டொக்டரிடம் போனால் நோய் ஒன்றும் இல்லை என்பார், நோவு மட்டும் போகாது. அந்தத் தலைமுறைக்கு இது விளங்கும்.

ஆகவே மீனின் அளவைப் பற்றி எனக்கு வழக்கில்லை. எனக்கு உள்ள வழக்கு, பிடிபடுகிற மீன் எங்கே போகிறது என்பது. நோர்வேயின் கொட் மீனில் பெரிய பங்கு இழுவைப் படகுகளுக்கு. அந்தப் படகுகளில் பலவற்றுக்கு ஒரு காலத்தில் அனுமதி கொடுத்ததே, பிடிக்கிற மீனை வடக்கின் குறிப்பிட்ட ஊர்களுக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டும், அங்கே சனத்துக்கு வேலை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான். காலப்போக்கில் படகுகள் பெரிய கம்பனிகளின் கைக்குப் போயின. நிபந்தனை தேய்ந்து, 'இறக்க வேண்டும்' என்பது 'வாங்க வருகிறீர்களா என்று கேட்க வேண்டும்' என்றாகிவிட்டது. கேட்பது உலகச் சந்தை விலையில். சின்ன ஊர் ஆலை அந்த விலைக்கு வாங்கி வெட்டினால் நட்டம். மீன் கடலிலேயே தலை வெட்டி உறையவைக்கப்பட்டு, சீனாவுக்கோ போலந்துக்கோ போய் அங்கே துண்டாகி, ஐரோப்பியக் கடைக்குத் திரும்பி வருகிறது. ஊரைக் கடந்து போகிற கப்பலைப் பார்த்துக்கொண்டு பெர்மித்தேரிங்கில் இருப்பவர்களுக்கு இது ஒன்றும் இரகசியம் இல்லை.

மீன் குறையக் குறைய விலை ஏறும். விலை ஏறினால் படகு வைத்திருப்பவருக்கு, குறைந்த மீனிலும் வருமானம் நிற்கும். ஆலையில் கத்தி பிடிப்பவருக்கு அப்படி ஒரு தாங்கல் இல்லை. அவருக்குக் கிலோ விலை ஏறினால் என்ன, கிலோ வந்தால்தான் மணி ஓடும். ஒரே கடல், ஒரே மீன், ஒரே குறைப்பு. அதன் பாரம் ஒரு பக்கத்தில் மட்டும் இறங்குகிறது.

வடக்கைக் காப்பாற்ற அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. 1990 முதல் ஃபின்மார்க்கும் வட துரோம்ஸும் தனி வலயம். ஒஸ்லோ முதலாளி சம்பளத்துக்கு மேல் 14.1 சதவீதம் சமூகப் பாதுகாப்புக்குக் கட்டுகிறார், ஃபின்மார்க் முதலாளி கட்டுவது பூச்சியம். தொழிலாளிக்கு வருமான வரி குறைவு. படித்தவர் அங்கே போய் வேலை செய்தால் படிப்புக் கடனில் வருடத்துக்குப் பத்து சதவீதம் வரை, ஒரு உச்சவரம்புக்குள், தள்ளுபடி. டொக்டராக, ஆசிரியராக எங்கட பிள்ளைகள் சிலர் இந்தக் கணக்கைப் பார்த்து வடக்கே போயும் இருக்கிறார்கள். எல்லாம் சரி. முதலாளிக்குச் சலுகை, பட்டதாரிக்குச் சலுகை. ஊரின் ஒரே மூலப்பொருளான மீனுக்கு மட்டும் ஊரோடு கட்டு இல்லை. அந்த நிபந்தனையைப் படகுக் கம்பனிகள் விலை கொடுத்து நீக்கிக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் கூட அரசு கொண்டுவந்தது. கரையோரச் சனம் கிளர்ந்து எழுந்ததும் 2017 இல் அதைத் திரும்பப் பெற்றது. நிபந்தனை தாளில் பிழைத்தது. தாளில் இருப்பதைக் கடலில் நடைமுறைப்படுத்து என்பதுதான் இன்று கேட்க வேண்டியது. மீன் குறைந்த காலத்தில்தான் அது அதிகம் தேவை.

இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்ரே பார்த்து முள் இருக்கிற இடத்தைத் தண்ணீர்ப் பீச்சலால் வெட்டி எடுக்கிற இயந்திரங்கள் வந்துவிட்டன. வரிசையில் நின்று முள் எடுத்த கைகள் இனித் தேவைப்படாது. நான் இதற்கு எதிரி இல்லை. நாலு பாகை குளிரில் எட்டு மணிநேரம் நின்று முள் எடுத்த எவரும் எதிரியாக இருக்க மாட்டார். கிழக்கு ஃபின்மார்க்கின் ஒரு துறைமுகத்தில் இரண்டு குளிர்காலம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வேலையில் அழகு பார்ப்பவர்கள் அதைச் செய்யாதவர்கள். ஆனால் அந்த இயந்திரத்தின் விலை பெரியது. வருடம் முழுக்க மீன் வருகிற ஆலைதான் அதை வாங்கும். அல்டா, ஹம்மர்ஃபெஸ்ட் பக்கத்தில் வளர்ப்பு சால்மன் வெட்டுகிற ஆலைகளில் வருடம் முழுக்க வேலை இருக்கிறது, சம்பளமும் சீராக வருகிறது. கடல் மீனை நம்பிய கிழக்குக் கரைக்கு அந்த வசதி இல்லை.

இன்று அந்த வரிசையில் நிற்பவர்கள் யார்? 1960களிலும் 70களிலும் எல்லை தாண்டி வந்த ஃபின்லாந்துப் பெண்கள். பிறகு நாங்கள். பிறகு ரஷ்யர், பால்டிக் நாட்டவர், போலந்துக்காரர். 2022 இற்குப் பிறகு உக்ரேனியர். பொட்ஸ்ஃபியோர்ட் ஒரு சின்னக் கரையோர ஊர், ஆனால் குடியேறியவர்களின் விகிதத்தில் நோர்வேயின் முன்வரிசைக் கொம்யூன்களில் ஒன்று. எங்கட கலியாண வீடுகளிலும் ஒன்றுகூடல்களிலும் சில வேளை ஒரு கதை கேட்கிறேன்: 'நாங்கள் கஷ்டப்பட்டு முன்னேறினோம், இப்ப வாறவை நாவ் காசில இருக்கினம்.' மேலே போட்ட கணக்கை அவர்களுக்குக் காட்டுங்கள். இப்ப வாறவைக்கு நாவ் காசுக்குத் தகுதியே வருவதில்லை. எங்களுக்கு நடந்த அதே கதை, பேர்தான் வேறு.

சங்கம் பற்றி. 2023 ஏப்ரல் முதல், முகவர் நிறுவனத்திலிருந்து தற்காலிகமாக ஆள் எடுப்பது நோர்வேயில் கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது. பருவ வேலைக்கு அப்படி ஆள் எடுக்க வேண்டுமென்றால், கூட்டு ஒப்பந்தம் உள்ள நிறுவனம் தொழிலாளர் பிரதிநிதிகளோடு எழுத்தில் உடன்பட வேண்டும். அதாவது மேசையின் மற்றப் பக்கத்தில் சங்கம் இருந்தால்தான் பேச்சே இருக்கிறது. உணவுத் தொழிலாளர் சங்கமான என்என்என் 1923 இல் தொடங்கியது. எங்கட ஆட்கள் அந்தக் காலத்தில் சந்தாப் பணம் வீண் என்று விலகி நின்ற கதைகளும் உண்டு, துணிந்து பிரதிநிதியான கதைகளும் உண்டு. இன்று ஒஸ்லோவில் துப்புரவு, உணவகம், முதியோர் பராமரிப்பு என்று வேலை செய்கிற தமிழருக்கும் இதே கேள்வி. உங்கள் ஒப்பந்தத்தில் மணிச்சம்பளம் எவ்வளவு என்று பார்க்கிறீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி உறுதி என்று எழுதியிருக்கிறதா? 20 சதவீத வேலையில் மணிக்கு 250 குறோணர் தந்தால் என்ன, 300 தந்தால் என்ன.

இனி, வடக்கே போகாத, மீனே வெட்டாத பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் அப்பா அம்மா 1963 இற்கு முன் பிறந்தவர்கள் என்றால், அவர்களின் ஓய்வூதியம் முழுவதுமோ ஒரு பகுதியோ பழைய முறைப்படி கணக்கிடப்படும். அதில் மிக நல்ல 20 வருடங்களின் வருமானம் எடுக்கப்படும், முழுத் தொகைக்கு 40 வருடம் வேண்டும். 30 வயதில் வந்தவருக்கு 40 எட்டாது, ஆகவே இருக்கிற ஒவ்வொரு வருடமும் காசு. பிந்திப் பிறந்தவர்களுக்கு ஒவ்வொரு வருட உழைப்பிலும் 18.1 சதவீதம் கணக்கில் சேரும், அங்கேயும் ஒரு வருடம் விட்டால் விட்டதுதான். 1980களின் கடைசியில் வங்குரோத்தான ஆலைகள் எல்லாம் சம்பள விபரத்தைச் சரியாக அனுப்பினவா என்பதை இனி அந்த ஆலைகளிடம் கேட்க முடியாது. நாவ் இணையத்தளத்தில் உள்நுழைந்தால் வருடவாரியான ஓய்வூதியச் சேர்ப்பு தெரியும். அப்பாவைப் பக்கத்தில் இருத்தி 1987 இலிருந்து 1993 வரை உள்ள வரிகளைப் பாருங்கள். ஒரு வருடம் வெறுமையாக இருந்தால், அந்த வருடம் எந்த ஊரில், எந்த ஆலையில், எத்தனை மாதம் என்று கேளுங்கள். அம்மாவின் அலுமாரியில் பழைய சம்பளச் சீட்டும் வரி அறிக்கையும் இருந்தால் எறிய விடாதீர்கள், அவற்றின் பிரதியோடு நாவுக்கு எழுதுங்கள்.